சிறு குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சி: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள், வட்டார வள மையங்களில் நடக்கும் பயிற்சிகளிலும், பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களிலும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவந்த விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். முதலில் தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் பயிற்சி நடத்தும் கருத்தாளராகவும் இவ்விரு மாவட்டங்களிலும் பணியாற்றியவன் என்பதால், தருமபுரியின் மலையடிவாரப் பள்ளிகளும் ஓசூர்ப் பக்கத்துப் பன்மொழிப் பள்ளிகளும் இந்த விடைகளில் அடிக்கடி வரும்.

எனக்கே ஆங்கிலம் சரளமாக வராது. நான் எப்படிக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பது?

இந்தக் கேள்வியைப் பயிற்சி அறையில் எழுந்து நின்று கேட்டவர்கள் மிகக் குறைவு. தேநீர் இடைவேளையில், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டவர்களே அதிகம். அவர்களிடம் நான் முதலில் சொல்வது, இது அவர்களுடைய தனிப்பட்ட குறை இல்லை என்பதுதான். நம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்தவர்கள். பள்ளியில் ஆங்கிலத்தைக் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்து, இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பை முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளை எழுதியவர்கள். அந்தத் தாளின் 150 மதிப்பெண்களில் ஆங்கிலத்துக்கு 30 மதிப்பெண் உண்டு என்றாலும், அந்த முப்பதில் ஒன்றுக்காகக்கூடத் தேர்வர் வாய் திறந்து ஒரு வாக்கியம் பேச வேண்டியதில்லை. யாரும் பேசக் கேட்காத மொழியைப் பேசத் தயங்குவது இயற்கையே.

அடுத்ததாக, ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்குத் தேவைப்படும் ஆங்கிலம் எவ்வளவு என்பதைக் கணக்குப் பார்த்துவிட வேண்டும். காலை வணக்கம் முதல் மணி அடிக்கும் வரை ஒரு வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுபவை ஏறத்தாழ எண்பது வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும் என்பது என் அனுபவக் கணக்கு. 'கம் ஹியர்', 'ஓப்பன் யுவர் புக்', 'ஹூ இஸ் ஆப்சென்ட் டுடே?', 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்', 'கிவ் இட் டு யுவர் ஃப்ரெண்ட்' என்று போகும் அந்த வாக்கியங்களில், வாரத்துக்கு ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை முதல் அந்த ஐந்தையும் ஆங்கிலத்தில் மட்டுமே சொல்வது என்று உறுதி செய்துகொண்டு, கையசைவாலும் முகக்குறிப்பாலும் பொருளைக் காட்டி, தமிழில் ஒருமுறைகூடத் திருப்பிச் சொல்லாமல் இருங்கள். தமிழில் திருப்பிச் சொல்லும் பழக்கம் இருந்தால், குழந்தை ஆங்கில வாக்கியம் முடியும்வரை பொறுத்திருந்து, தமிழ் வந்த பிறகே காது கொடுக்கும். நான்கு மாதத்தில் ஆசிரியரின் நாவும் பழகியிருக்கும், குழந்தையின் காதும் பழகியிருக்கும்.

பயிற்சியில் எங்களுக்கு இலக்கணத்தைத்தானே முதலில் சொல்லித்தர வேண்டும்?

இலக்கணம் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவருக்கு, பயிற்சியின் முதல் நாளில் வினைக்காலங்களின் அட்டவணையைக் கொடுத்தால், ஏற்கெனவே இருக்கும் அச்சம் இரட்டிப்பாகும். முதல் நாளில் ஆசிரியர் குழந்தையின் இடத்தில் அமர வேண்டும் என்பதே என் கருத்து.

கிருஷ்ணகிரி மாவட்டப் பயிற்சிகளில் இதற்கு ஓர் எளிய வழி கிடைத்தது. உருது தெரிந்த ஆசிரியை ஒருவரை முன்னால் அழைத்து, பத்து நிமிடம் உருதில் மட்டுமே பாடம் நடத்தும்படி கேட்டுக்கொண்டோம். அவர் மேசையில் ஒரு மாங்காயையும் ஒரு புளியம்பழத்தையும் வைத்தார். மாங்காயைத் தூக்கிக் காட்டி 'ஆம்' என்றார். முன்வரிசையில் இருந்த ஒருவர், தம்மை ஆமோதிக்கச் சொல்கிறார் என்று எண்ணி, 'ஆம், ஆம்' என்று தலையாட்டினார். ஆசிரியை சிரிக்கவில்லை, திருத்தவுமில்லை. மாங்காயை அவர் கையிலேயே கொடுத்து மறுபடியும் 'ஆம்' என்றார். புளியம்பழத்தைக் காட்டி 'இம்லி' என்றார். பின்பு கையை நீட்டி 'இம்லி லாவ்' என்றார். நான்காவது முறை அந்த ஆசிரியர் எழுந்துபோய்ப் புளியம்பழத்தை எடுத்துவந்து கொடுத்தார். அறை முழுவதும் கைதட்டியது. அதன் பிறகு நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'லாவ்' என்றால் கொண்டு வா என்று உங்களுக்கு யார் மொழிபெயர்த்துச் சொன்னார்கள்?

அந்தப் பத்து நிமிடத்தில் பொருள்களைக் கையில் கொடுப்பது, மெதுவாகப் பேசுவது, ஒரே வாக்கியத்தைப் பலமுறை சொல்வது, பிழைக்காக யாரையும் நாணச் செய்யாமல் இருப்பது ஆகிய எல்லாவற்றையும் ஆசிரியர்கள் தாங்களாகவே கண்டுகொண்டார்கள். சொற்பொழிவாகச் சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் நான்கு வரியாக நின்றிருக்கும்.

வகுப்பில் குழந்தைகள் மாதக்கணக்கில் ஆங்கிலத்தில் வாயே திறப்பதில்லை. என் கற்பித்தலில் குறையா?

பெரும்பாலும் இல்லை. புதிய மொழியின் நடுவில் வைக்கப்பட்ட குழந்தை, முதலில் சில காலம் கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கும். மொழி கற்றலை ஆராய்ந்தவர்கள் இதை மௌனக் காலம் என்கிறார்கள். தாய்மொழியையும் குழந்தை அப்படித்தான் கற்றது. ஏறக்குறைய ஓராண்டு கேட்ட பிறகுதான் அது 'அம்மா' என்றது. ஆகவே அந்த மௌனத்தின்போது குழந்தை என்ன செய்கிறது என்பதையே ஆசிரியர் கவனிக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்த முறை இதற்கு மிகப் பொருத்தமானது. ஆசிரியர் ஆங்கிலத்தில் கட்டளையிடுவார், குழந்தை உடலசைவால் விடை தரும். 'ஜம்ப்' என்றால் குதிக்கும், 'டச் த வால்' என்றால் ஓடிப்போய்ச் சுவரைத் தொடும். பேசாமலேயே புரிந்துகொண்டதைக் காட்ட இதில் வழியிருக்கிறது. தளிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு சிறுமி, ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆங்கில வேளையில் ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆனால் எந்தக் கட்டளைக்கும் முதலில் எழுபவள் அவள்தான். ஒருநாள் மழைச்சாரல் அடித்ததும் ஆசிரியை தாமே சன்னலை மூடப் போனார். அப்போது பின்னாலிருந்து 'க்ளோஸ் த விண்டோ' என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால், அவள் எழுந்து நின்று ஆசிரியைக்கே கட்டளையிட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆசிரியை என்னிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கட்டளைக்கும் அசையாமல், தமிழிலும் பேசாமல் ஒரு குழந்தை இருந்தால், அதை மௌனக் காலம் என்று விட்டுவிடக் கூடாது. காது சரியாகக் கேட்கிறதா என்பதைப் பார்க்கப் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் பேச வேண்டும்.

அப்படியானால் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசவே கூடாதா?

பேசலாம், பேசவும் வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னதையே உடனுக்குடன் தமிழில் மொழிபெயர்ப்பதுதான் வேண்டாம் என்கிறேன். குழந்தை அழும்போதும், சண்டையிட்டுக்கொள்ளும்போதும், வீட்டில் நடந்ததைச் சொல்ல வரும்போதும் அதன் மொழியிலேயே கேளுங்கள். கதை சொல்வதற்கு முன் அந்தக் கதையைத் தமிழில் பேசிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னால், குழந்தைக்குக் கதை புதிதாக இராது, மொழி மட்டுமே புதிதாக இருக்கும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது. தாய்மொழியில் வாசிக்கத் தெரிந்த குழந்தைக்கு, எழுத்து என்பது ஒலியைக் குறிக்கிறது என்னும் பெரிய உண்மை ஏற்கெனவே கைவந்திருக்கும். ஆங்கிலத்துக்கு அதை மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல குழந்தைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசுகிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழியாகிவிடுகிறதே?

ஆகிறது. 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது, ஆந்திர எல்லையும் கர்நாடக எல்லையும் ஒட்டிய வட்டாரங்கள் பலவும் அதற்குள் வந்தன. அங்கே ஒரே வகுப்பில் மூன்று வீட்டு மொழிகள் இருப்பது புதுமையில்லை. இதைச் சுமையாக மட்டுமே பார்க்கும் ஆசிரியர்களிடம் நான் ஒன்றைச் சுட்டிக்காட்டுவதுண்டு: ஒலிகளைப் பொறுத்தவரை அந்தக் குழந்தைகள் ஒருபடி முன்னால் இருக்கிறார்கள்.

தமிழ் எழுத்தில் 'ப' ஒன்றுதான். 'பல்' என்னும்போது ஒருவகையாகவும் 'கம்பம்' என்னும்போது வேறுவகையாகவும் அது ஒலித்தாலும், அந்த வேறுபாடு நம் மொழியில் பொருளை மாற்றுவதில்லை. ஆகவே தமிழ்க் காது அதைக் கேட்டும் கேளாததுபோல் விட்டுவிடும். தெலுங்கிலும் கன்னடத்திலும் இவ்விரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. ஆங்கிலத்தில் பன்றியைக் குறிக்கும் சொல்லும் 'பெரிய' என்னும் பொருளுள்ள சொல்லும் இந்த ஓர் ஒலியால்தான் வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிக்' ஆகிவிடும். தெலுங்கு பேசும் குழந்தைக்கு இந்த வேறுபாடு காதிலேயே இருக்கிறது. ஆசிரியர் அதை அறிந்திருந்தால், ஒலிப் பயிற்சியில் அந்தக் குழந்தையை வகுப்புக்கே வழிகாட்டியாக நிறுத்தலாம். தமிழ் தடுமாறுவதால் பின்வரிசையில் ஒதுங்கியிருந்த குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய மதிப்பு என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும்.

தமிழ் பேசும் குழந்தைக்கும் இதை எளிதாகக் காட்டலாம். விரலகலத்தில் ஒரு காகிதத் துண்டைக் கிழித்து, உதட்டுக்கு நேரே தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். பன்றிக்கான சொல்லைச் சொன்னால் காகிதம் துள்ளும். 'பெரிய' என்பதற்கான சொல்லைச் சொன்னால் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களிலேயே பலர், தங்கள் காகிதம் இரண்டு முறையும் அசையாமல் நிற்பதை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டார்கள்.

ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தமிழில் உச்சரிப்பை எழுதிக் கொடுக்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன 'பிக்' என்னும் சொல்லே இதற்கும் விடை. தமிழில் எழுதிக் கொடுத்தால் குழந்தை தமிழ் எழுத்தைத்தான் படிக்கும். ஆங்கில எழுத்து வெறும் படமாக நின்றுவிடும்.

ஏ, பி, சி, டி என்று எழுத்துகளிலிருந்துதானே தொடங்க வேண்டும்?

எழுத்துப் பெயர்களை ஒப்பிப்பதில் குழந்தைகளுக்கு மகிழ்ச்சி உண்டு, பெற்றோருக்குப் பெருமையும் உண்டு. அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது வாசிப்பு ஆகிவிடாது. தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும், 'க' என்னும் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. ஆகவே எழுத்தைக் கற்ற குழந்தை சொல்லைக் கூட்டிப் படித்துவிடும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே இருந்தாலும், அவை குறிக்கும் ஒலிகள் ஏறத்தாழ 44. எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி வேறு. 'சி', 'ஏ', 'டி' என்று பெயர்களைக் கூட்டிப் படித்தால் 'கேட்' என்னும் பூனை ஒருபோதும் வராது. இந்த முரணைச் சொல்லித்தராமல், 'எழுத்து தெரிந்தும் படிக்கத் தெரியவில்லையே' என்று குழந்தையைக் கடிந்துகொள்வது நியாயமில்லை.

ஆகவே முதலில் காது, பிறகு எழுத்து. காதுக்கான பயிற்சிக்கு எங்கள் ஊர்ப் பொருளே போதும். தருமபுரியில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்து கொட்டைகள் கொடுங்கள். ஆசிரியர் 'சிட்' என்று மெதுவாகச் சொல்ல, குழந்தை தனக்குக் கேட்கும் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கொட்டையை முன்னே தள்ளும்: மூன்று. பிறகு 'ஃபிஷ்' என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் பழகிய ஆசிரியர்கள் நான்கு கொட்டைகளைத் தள்ளுவார்கள்; எழுத்து அறியாத குழந்தை மூன்றையே தள்ளும். குழந்தைதான் சரி, ஏனென்றால் அச்சொல்லில் எழுத்துகள் நான்கு, ஒலிகள் மூன்று. பயிற்சியில் இந்த ஒரு செயலுக்கு மட்டும் நான் ஒரு மணிநேரம் ஒதுக்குவேன். இதைக் கைப்பட உணர்ந்த ஆசிரியருக்கு மற்றவை எளிதாகிவிடுகின்றன.

எழுத்துக்கு வரும்போதும் அகரவரிசையில் போக வேண்டியதில்லை. 'சன்', 'ஆப்பிள்', 'டேபிள்', 'பென்', 'இங்க்', 'நெட்' ஆகிய சொற்களின் முதலெழுத்துகள் ஆறையும் அவற்றின் ஒலிகளோடு முதலில் கற்பித்தால், அந்த ஆறை வைத்தே 'பின்', 'டின்', 'பேன்', 'டேப்', 'சிட்' என்று பல சொற்களைக் குழந்தை தானே கூட்டிப் படிக்கும். இந்தக் கருத்தில் அமைந்த வரிசைகள் பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளன. இருபத்தாறையும் முடித்த பிறகு முதல் சொல் என்னும் முறையில், குழந்தை முதல் சொல்லைப் படிக்கவே ஓராண்டு காத்திருக்க வேண்டியதாகிறது.

இதோடு, குழந்தைகள் ஏற்கெனவே அறிந்த ஆங்கிலச் சொற்களைத் திரட்டுங்கள். பஸ், பேட், பென்சில், பிஸ்கட், போன், சார்ஜர் என்று அரூர் மலைக்கிராமத்துக் குழந்தையும் சொல்லும். 'பஸ்ஸு', 'புக்கு' என்று இறுதியில் உகரம் சேர்த்துச் சொல்வது தமிழின் இயல்பு. அதைக் கேலி செய்யாமல், அந்தச் சொல்லையே ஆங்கில ஒலியில் மெல்லத் திருப்பிச் சொன்னால் போதும்.

குழந்தை பிழையாகப் பேசினால் உடனே திருத்த வேண்டுமா?

குழந்தை 'டீச்சர், ஹீ டேக் மை பென்சில்' என்கிறது. 'டேக் இல்லை, டுக் என்று சொல்' என்றால் குழந்தை இலக்கணத்தையும் கற்காது, பென்சிலும் கிடைக்காது. 'அப்படியா, ஹீ டுக் யுவர் பென்சில்?' என்று சரியான வடிவத்தில் திருப்பிக் கேட்டுவிட்டு, பென்சிலை வாங்கிக் கொடுங்கள். சரியான வடிவம் காதில் விழுந்துவிட்டது. பேசினால் காரியம் நடக்கும் என்பதும் தெரிந்துவிட்டது.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒரே அறையில் மூன்று வகுப்புகள். பயிற்சியில் சொல்வதெல்லாம் தனி வகுப்புக்குத்தானே பொருந்தும்?

இந்தக் குறை முற்றிலும் உண்மையானது. பயிற்சிகளில் காட்டப்படும் மாதிரிப் பாடங்கள் பெரும்பாலும், ஒரே வயதுக் குழந்தைகள் முப்பது பேர் வரிசையாக அமர்ந்த அறையை மனத்தில் வைத்தே அமைகின்றன. பென்னாகரம் மலைப்பகுதியிலோ அஞ்செட்டியிலோ அப்படிப்பட்ட அறையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற அடித்தளம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு வாக்கில் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றல், வெவ்வேறு நிலையிலுள்ள குழந்தைகள் ஒரே அறையில் கற்க வழிசெய்தது. 2022 ஜூனில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் இயக்கம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பார்க்கிறது. ஆங்கிலமும் அதில் அடக்கம். ஆகவே வகுப்பு எது என்பதைவிட நிலை எது என்று பார்க்கும் பழக்கம் ஆசிரியர்களுக்குப் புதிதில்லை. அதை ஆங்கிலத்துக்கு இப்படிப் பயன்படுத்தலாம்: பாட்டு, கட்டளை விளையாட்டு, கதை ஆகிய மூன்றும் எல்லோருக்கும் பொது. கதை முடிந்ததும் அரும்பு நிலைக் குழந்தைகள் கதையில் வந்த பொருள்களின் படஅட்டைகளை எடுத்துக் காட்டட்டும், மொட்டு நிலையினர் அட்டையோடு சொல்லைப் பொருத்தட்டும், மலர் நிலையினர் இரண்டு வாக்கியம் எழுதட்டும். கதை ஒன்று, வேலை மூன்று. மூத்த குழந்தை இளைய குழந்தைக்கு ஆங்கிலத்தில் கட்டளையிடும் விளையாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பலவகுப்பு அறையில் அதைப்போல் பலன் தருவது வேறில்லை.

காலை உணவு நேரத்தையும் நான் பாடவேளையாகவே கணக்கிடுகிறேன். 'டூ யூ வாண்ட் மோர்?' என்னும் கேள்விக்குக் குழந்தை தட்டை நீட்டிக்கொண்டு 'எஸ், ப்ளீஸ்' என்று சொல்லும்போது, அந்த வாக்கியத்துக்கு எந்த விளக்கமும் தேவைப்படுவதில்லை.

ஒருநாள், இரண்டுநாள் பயிற்சியால் என்ன மாறிவிடப் போகிறது?

அந்த நாளோடு நின்றுவிட்டால் ஒன்றும் மாறாது. நான் இளம் ஆசிரியராக இருந்தபோது கலந்துகொண்ட ஒரு பயிற்சியில், காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை, 'குழந்தைகளைப் பேசவிடுங்கள்' என்று கருத்தாளர் ஒருவரே பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவர்கூட ஒரு வாக்கியமும் ஆங்கிலத்தில் பேசவில்லை. மறுநாள் என் வகுப்பு அதற்கு முந்தைய நாள் இருந்தபடியேதான் இருந்தது.

இது பழைய சிக்கல். 1959இல் அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மீள்பயிற்சி அளிக்கும் பெருமுயற்சி தொடங்கப்பட்டது; தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் பகுதி. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் மேலும் பலருக்குத் தந்து, அவர்கள் இன்னும் பலருக்குத் தருவதாக அமைந்ததால், உருள உருளப் பெருகும் பனிப்பந்தின் பெயரால் அது அழைக்கப்பட்டது. எண்ணிக்கையை எட்டுவதற்கு இதைவிட விரைவான வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு படி இறங்கும்போதும், செய்து பார்த்தது சொல்லிக் கேட்டதாகவும், சொல்லிக் கேட்டது தாளில் படித்ததாகவும் மாறுவதை நானே பல பயிற்சிகளில் கண்டிருக்கிறேன். மேல்நிலையில் புளியங்கொட்டையோடு நடந்த பயிற்சி, மூன்றாவது படியில் 'ஒலியுணர்வுச் செயல்பாடுகள்' என்று ஒரு வரியாகச் சுருங்கியிருக்கும்.

ஆகவே பயிற்சிக்குப் பிந்தைய ஆறு வாரங்களே முக்கியம். பயிற்சி நாளில் ஒரே ஒரு செயலை எடுத்துக்கொண்டு, அதை எல்லோரும் செய்து பார்த்து, மறுவாரம் தத்தம் வகுப்பில் நடத்தி, அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று பேச வேண்டும். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கு வரும்போது பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன், அந்த ஒரு செயலைத் தாமே குழந்தைகளிடம் நடத்திக் காட்டினால், ஆசிரியருக்கு அவர்மேல் நம்பிக்கை பிறக்கும்.

1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் பள்ளிகளில், கால அட்டவணை, வரைபடம் முதலியவற்றை வைத்துப் பணிகள் செய்யவைத்து ஆங்கிலம் கற்பித்துப் பார்த்த ஆய்வாளர் என். எஸ். பிரபு, பின்னாளில் எல்லோருக்கும் சிறந்த முறை என்று ஒன்றில்லை என்றார்; எது கற்றலை உண்டாக்குகிறது என்பது பற்றி ஒவ்வோர் ஆசிரியருக்கும் உள்ள சொந்த உணர்வு உயிரோடு இருப்பதே முக்கியம் என்பது அவர் வாதம். நம் மண்ணில் நடந்த ஆய்விலிருந்து வந்தவர் அவர் என்பதால், இந்தக் கருத்தை நான் ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்கிறேன்.

எங்கே பயிற்சி பெறலாம்?

இரு மாவட்டங்களிலும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. பணியிடைப் பயிற்சிகள் அவற்றின் வழியாகவும் வட்டார வள மையங்களின் வழியாகவும் நடக்கின்றன. 1963இல் நிறுவப்பட்ட தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. தென் மாநில ஆசிரியர்களுக்கு அது நடத்தும் 30 நாள் சான்றிதழ்ப் பயிற்சிக்குத் துறையின் வழியாகவே அனுப்பப்படுவார்கள். வாய்ப்பு வந்தால் தயங்காமல் போய்வாருங்கள். ஒரு மாதம் முழுவதும் ஆங்கிலத்தில் பேசிப் பழகும் சூழல் பணிக்காலத்தில் எளிதில் கிடைக்காது.

எல்.கே.ஜி.யிலேயே ஆங்கிலம் எழுதவைக்க வேண்டும் என்று பெற்றோர் வற்புறுத்துகிறார்கள். என்ன சொல்வது?

அவர்களுடைய விருப்பத்தைக் குறை சொல்லாதீர்கள். பெங்களூருக்கும் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போய்வரும் ஒருவர், தமக்குத் தெரியாத மொழியால் எங்கெங்கே நின்றுவிட நேர்ந்தது என்பதை அனுபவத்தால் அறிந்தவர். அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியதும், 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டதும் அந்த விருப்பத்துக்குக் கிடைத்த விடைகளே.

பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்துப் பத்து நிமிடம் வகுப்பில் உட்காரவையுங்கள். நான்கு வயதுக் குழந்தை விரல் வலிக்க ஒரே எழுத்தை ஒரு பக்கம் எழுதியதைக் காட்டிலும், 'ப்ரிங் த ரெட் பால்' என்றதும் சிவப்புப் பந்தைத் தேடி எடுத்துவருவதைப் பார்த்தால், அவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்ட நாளில் இதைச் செய்வது எளிது.

கைபேசியில் ஆங்கிலப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினால் போதாதா?

பாட்டு நல்லது, உச்சரிப்பில் ஐயமுள்ள ஆசிரியருக்கும் துணையாக இருக்கும். ஆனால் குழந்தை திரையிடம் பதில் பேசுவதில்லை. பாட்டை முதல்நாள் இரவு ஆசிரியர் தாமே கேட்டுக் கற்றுக்கொண்டு, வகுப்பில் தம் குரலில் பாடினால் குழந்தைகள் சேர்ந்து பாடுவார்கள்.

பயிற்சியால் என் வகுப்பு மாறியிருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

மாதம் ஒருமுறை, கைபேசியை மேசையில் வைத்து, உங்கள் ஆங்கில வகுப்பில் பத்து நிமிடத்தை ஒலிப்பதிவு செய்யுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம். மாலையில் வீட்டில் தனியாகக் கேட்டு, மூன்றை மட்டும் எண்ணுங்கள்: நீங்கள் சொன்ன ஆங்கில வாக்கியங்கள் எத்தனை, அவற்றில் உடனே தமிழில் திருப்பிச் சொன்னவை எத்தனை, குழந்தைகள் தாமாக, ஒப்பிக்காமல், சொன்ன ஆங்கிலச் சொற்கள் எத்தனை. முதல் மாதத்தில் மூன்றாவது எண் பூச்சியமாக இருப்பது வழக்கம். தேதியோடு மூன்று எண்களையும் பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, பதிவை அழித்துவிடுங்கள். குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பக்கத்தை எடுத்து வாருங்கள். நாம் பேசத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.